எவர்சில்வருக்கு எமன் யார்?

அடுக்களையில் பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தைப் பார்த்து, "இதற்குத் துரு என்பதே கிடையாது" என்று பெருமைப்பட்டுக் கொள்கிறீர்கள் அல்லவா? பெருமை நியாயமானதுதான். அந்த உருக்கில் கலந்துள்ள குரோமியம், பிராணவாயுவுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வை ஒன்றை மேலே போர்த்திவிடுகிறது. கீறினால்கூட அது தானே மூடிக்கொள்ளும். ஆனால், அதே எவர்சில்வர் அமெரிக்க என்ஜினீயர்களைத் தூங்கவிடாமல் அடித்த கதை உங்களுக்குத் தெரியுமா?

இல்லினாய் ராஜ்யத்து டிரெஸ்டன் அணுமின் நிலையத்தில், 1974-ஆம் ஆண்டு, இரண்டாவது உலையின் குழாய்களில் விரிசல் கண்டது. உலைக்குள்ளேயே தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் மின்சார யந்திரத்தைச் சுழற்றும் வகை அது. (நம் தேசத்துத் தாராப்பூரில் 1969-இல் வேலையைத் தொடங்கிய இரு உலைகளும் இந்த ஜாதிதான்.) சோதித்துப் பார்த்ததில் வேறு நிலையங்களிலும் இதே வியாதி! உள்ளே ஓடியதோ உப்பு, சுண்ணாம்பு எல்லாம் நீக்கிச் சுத்திகரித்த தண்ணீர்.

குற்றவாளிகள் மூன்று பேர். குழாய்களைப் பற்றவைக்கும்போது, பற்றின் ஓரமாக ஒரு பகுதி 500 முதல் 800 டிகிரி வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டில், உருக்கிலுள்ள கரி பக்கத்துக் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு விடுகிறது. உலோகம் என்பது சின்னஞ்சிறு மணிகள் நெருங்கிச் சேர்ந்தது. மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள எல்லையில் குரோமியம் வறண்டு, போர்வை நைந்துபோகிறது. இரண்டாமவன், பற்றவைத்த இடத்தில் தங்கிவிட்ட இழுவிசை. மூன்றாமவன், தண்ணீரில் கரைந்த பிராணவாயு. ஆமாம், போர்வை கொடுத்த அதே பிராணவாயுதான்! உலையின் கதிரியக்கம் தண்ணீரையே பிளந்து அதை உண்டாக்குகிறது. நூறு கோடிப் பங்கு நீருக்குச் சுமார் 200 பங்குதான். உங்கள் வீட்டுக் குடத்து நீரில் இதைப்போல் முப்பது, நாற்பது மடங்கு இருக்கும். ஆனால், குடம் 280 டிகிரிக்கு மேல் காய்வதில்லையே!

கரியை 0.03 சதவிகிதத்துக்குள் அடக்கிய புது உருக்கில் குழாய் செய்து மாற்றலாம். சில நிலையங்களில் மாற்றவும் செய்தார்கள். செலவுதான் பிடித்தது. அதைவிடத் தண்ணீரைத் திருத்துவது சுலபம். கொஞ்சம் ஜலவாயுவைக் கலந்துவிட்டால், அது பிராணவாயுவுடன் கூடி மறுபடியும் தண்ணீராகிவிடும். ஸ்வீடனில் 1979-இலும், டிரெஸ்டனில் 1982-இலும் செய்து பார்த்தார்கள். விரிசல் அடங்கிற்று.

ஆனால், மருந்தே வேறு வியாதியைக் கிளப்பிவிட்டது. கதிரியக்கமுள்ள நைட்ரஜன் முன்னைவிட அதிகமாக நீராவியோடு கிளம்பி, டர்பைன் பக்கம் கதிரியக்கத்தை நாலைந்து மடங்கு உயர்த்திவிட்டது! குழாய் பிழைத்தது சரி, அங்கே வேலை செய்கிற மனிதன் என்னாவது? இந்தக் கேள்விக்கு விடை தேடியதைத்தான் நான் பெரிய காரியம் என்பேன்.

1996-இல் அயோவா ராஜ்யத்து டுவேன் ஆர்னால்டு நிலையத்தில், பிளாட்டினம், ரோடியம் என்ற உலோகங்களை நீரில் கரைத்துவிட்டார்கள். நகைக்கடை விலையை நினைத்து மலைக்காதீர்கள். கண்ணுக்கே புலப்படாத அளவுதான். அவை குழாயின் உட்புறத்தில் துணுக்குத் துணுக்காய்ப் படிந்து, இரு வாயுக்களையும் அங்கேயே கூட்டிவைத்துத் தண்ணீராக்கின. ஜலவாயு முன்போல் அவ்வளவு தேவைப்படவில்லை. நைட்ரஜனும் டர்பைன் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டது.