கீதா கோபிநாத் நியமனமும் கேரளத்தின் கடன் வரம்பும்

திருவனந்தபுரம்: இடதுசாரி அரசுக்குச் சந்தைப் பொருளாதார ஆதரவாளர் ஆலோசனை கூறலாமா என்று கேரளத்தில் 2016-ல் எழுந்த விவாதம், மாநில நிதிநிலையின் உண்மையான சிக்கலைத் தொடவில்லை என்பதைப் பிந்தைய நிகழ்வுகள் காட்டுகின்றன.

அவ்வாண்டு ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கீதா கோபிநாத்தை முதல்வர் பினராயி விஜயன் தமது பொருளாதார ஆலோசகராக நியமித்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் வி.எஸ்.அச்சுதானந்தன் எதிர்ப்புத் தெரிவித்தார். எனினும் நியமனம் நீடித்தது.

2019 ஜனவரியில் கீதா, சர்வதேச நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணராகப் பொறுப்பேற்றார். அப்பதவியை வகித்த முதல் பெண் அவரே. 2022-ல் நிதியத்தின் முதல் துணை நிர்வாக இயக்குநராக உயர்ந்து, 2025-ல் ஹார்வர்டுக்குத் திரும்பினார்.

அவர் கேரளப் பொறுப்பிலிருந்து விலகிய பின்னரே, மாநில உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான 'கிஃப்பி' 2019-ல் மசாலா பத்திரங்கள் மூலம் வெளிநாட்டுச் சந்தையில் ரூ.2,150 கோடி திரட்டியது. கிஃப்பியின் கடனையும் மாநிலக் கடனாகக் கணக்கிட்டு மத்திய அரசு வரம்பைக் குறைத்ததை எதிர்த்து, 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2024 ஏப்ரலில் விவகாரம் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

ஆலோசகர் இல்லாமலேயே இடதுசாரி அரசு சந்தையை நாடியது. மாநிலம் எவ்வளவு கடன் பெறலாம் என்பதோ, எந்த ஆலோசகரின் கைக்கும் எட்டாத மத்திய-மாநில அதிகாரப் பகிர்வுச் சிக்கலாகவே நிற்கிறது.