விமானியே பார்த்தாராமே!

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 2.30 மணி அளவில் மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று தென்பட்டது. ஏறக்குறைய 3 மணி நேரம் வான்வெளியை மூடிவிட்டார்கள். வந்துகொண்டிருந்த விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பினார்கள். புறப்பட வேண்டியவை காத்துக் கிடந்தன. விமானப்படை ரஃபேல் போர் விமானங்களை அனுப்பித் தேடியதாகவும், எதுவும் அகப்படாமல் அவை திரும்பியதாகவும் செய்தி வந்தது. வான் பாதுகாப்பு நடவடிக்கை முடுக்கிவிடப்பட்டது, அதன்பின் அந்தச் சிறு பொருள் தென்படவில்லை என்று விமானப்படையின் கிழக்குப் பிராந்தியம் அறிவித்தது. அன்று மக்களுக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான்.

அந்த வாரம் எங்கள் ஊரில் தீபத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. டீக்கடையில் இம்பாலும் பேச்சில் வந்தது. இப்படிப்பட்ட பேச்சு எங்கே நடந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "சும்மா யாரோ சொல்லலை சார், விமானியே பார்த்திருக்கார்." இம்பாலில் ரஃபேலில் போன விமானிகள் எதையும் பார்க்கவில்லையே என்றால் அதற்குப் பதில் இல்லை. விமானி "பார்த்தேன்" என்றால் அது சாட்சியம். அதே விமானி "பார்க்கவில்லை" என்றால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த ஓரவஞ்சனை எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

விமானி பொய் சொல்கிறாரா என்பது என் கேள்வியே இல்லை. பெரும்பாலும் சொல்வதில்லை. பார்த்தது என்ன, பார்த்ததாக மனம் முடிவு செய்தது என்ன, இந்த இரண்டையும் பிரித்து எழுதினார்களா என்பதுதான் கேள்வி.

நாம் சொல்லும் "பறக்கும் தட்டு" என்ற பெயரே ஒரு விமானியிடமிருந்து வந்ததுதான். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் ரெய்னியர் மலைப் பக்கம் தன் சிறு விமானத்தில் பறந்த கென்னத் ஆர்னால்ட், 9 பொருள்கள் வேகமாகப் போவதைக் கண்டார். தண்ணீர்மேல் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோலப் போயின என்றார். அவர் சொன்னது போக்கை. பத்திரிகைகள் அதை உருவமாக்கின. அதன்பின் உலகம் முழுக்க மக்கள் தட்டு வடிவத்திலேயே பார்க்கத் தொடங்கினார்கள்! நான் படித்த பிரெஞ்சுப் பள்ளி மொழியிலும் அது "சுகூப் வொலாந்த்", பறக்கும் தட்டேதான்.

விமானியின் கண் தேர்ந்த கண் இல்லையா என்று கேட்கலாம். தேர்ந்ததுதான், ஆனால் எதற்கு? எதிரே வருவதன்மீது மோதாமல் தப்பிக்க. அதனால் தெரியாத வெளிச்சம் எதுவானாலும், அது எதிரே வரும் பொருள் என்று எண்ணும்படி அந்தக் கண் பழகியிருக்கிறது. அமெரிக்க விமானப்படைக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக், இவற்றைக் கேலி செய்யாமல் ஆராய வேண்டும் என்று வாதாடியவர். அவரே 1977இல் வெளியிட்ட கணக்கில், தனியாகப் பார்த்த பயணிகள் விமானிகளின் புகார்களில் நூற்றுக்கு 89 தவறாக அடையாளம் கண்டவை.

2011 ஜனவரியில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் ஓர் ஏர் கனடா விமானம். ஓய்வில் கண்ணயர்ந்து விழித்த துணை விமானி, முதலில் வெள்ளிக் கோளை எதிரே வரும் விமானம் என்று நினைத்தார். பின்னர் உண்மையிலேயே எதிர்த்திசையில், கீழே பத்திரமான உயரத்தில் வந்த விமானத்தைக் கண்டதும், அது தம்மீது மோத வருகிறதென்று எண்ணி விமானத்தைக் கீழ்நோக்கி அழுத்தினார். 16 பேருக்குக் காயம். அவர் நேர்மையான மனிதர்தான், பயிற்சி பெற்றவர்தான்.

நம் நாட்டு உதாரணம் இன்னும் நல்லது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் ராணுவத்தினர் வானில் மர்மப் பொருள்களை 329 முறை பதிவு செய்தார்கள். சீன வேவு விமானமோ என்ற கவலை. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரைக் கேட்டார்கள். அவர்கள் ஆராய்ந்து சொன்ன விடை: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. அந்த உயரத்தில், அந்தத் தெளிந்த காற்றில், கோள்கள் அப்படிப் பளிச்சிடும். அதே நிறுவனத்தின் பெரிய தொலைநோக்கி நமக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையில், காவலூரில்தான் இருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது வீரர்களின் ஒழுங்கு. பார்த்ததைப் பார்த்தபடி பதிந்து வைத்ததால்தான் விடை கிடைத்தது.

இருட்டில் ஒரு வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. எங்கள் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,668 அடி உயர உச்சியில் மகாதீபம் 11 நாள் எரியும். கார்த்திகை மாத மூட்டத்தில் மலை முழுக்க இருட்டில் மறைந்துவிடும், தீபம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். மேகம் நகர்ந்தால் தீபம் நகர்வது போலவே இருக்கும். அடி அண்ணாமலையில் இருக்கும் நாம் கும்பிடுகிறோம், ஏனென்றால் அது என்னவென்று நமக்குத் தெரியும். இந்த ஊரை அறியாத ஒருவர் தொலைவில் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தால் என்ன எழுதுவார்?

மலையில் சித்தர்களை ஒளியாகக் கண்டேன் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. நம்பிக்கைக்குக் கோப்பு எண் வேண்டாம். விமான நிலையத்தை மூடுவதற்கு வேண்டும்.

என் பணிக்காலத்தில் ஒரு புகார் வந்தால் பதிவேட்டில் முதலில் கட்டங்களை நிரப்புவோம், கருத்து பிறகுதான். இதற்கும் அதே கட்டங்கள் போதும். கடிகாரப்படி எத்தனை மணி? எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எவ்வளவு மேலே? எத்தனை வினாடி தெரிந்தது? அந்த நேரம் அந்தத் திசையில் கோள், செயற்கைக்கோள், பலூன், ட்ரோன் இருந்தனவா? ரேடாரில் என்ன பதிவு? சாட்சிகள் தங்களுக்குள் பேசுமுன் தனித்தனியே எழுதினார்களா? எழுதியது அன்றா, ஆண்டுகள் கழித்தா?

பிரான்ஸில் இதற்கென்றே ஓர் அலுவலகம் 1977 முதல் இருக்கிறது. அந்நாட்டு விண்வெளி ஆய்வு மையத்தின் கீழ், துலூஸ் நகரில். "ஓவ்னி", அதாவது அடையாளம் தெரியாத பறக்கும் பொருள், என்று ஜனங்கள் சொல்வதை அது தன் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. "பொருள்" என்பதே ஒரு முடிவல்லவா? "நிகழ்வு" என்றுதான் சொல்கிறது. 2007 முதல் தன் கோப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. தெளிவாகத் தெரிந்தது, அநேகமாகத் தெரிந்தது, தகவல் போதாதது, விசாரித்தும் விளங்காதது என்று நான்கு வகை. கடைசி வகை நூற்றுக்கு ஏறக்குறைய 3.

1994 ஜனவரி 28 அன்று நீஸிலிருந்து லண்டன் சென்ற ஏர் பிரான்ஸ் விமானத்திலிருந்து, பாரிஸ் அருகே செம்பழுப்பு நிறத்தில் பெரிய வட்டு ஒன்றைப் பார்த்தார்கள். முதலில் கண்ட பணியாளர் வானிலை பலூன் என்றே நினைத்தார். ராணுவ ரேடாரிலும் அதே நேரம் 50 வினாடி ஒரு தடம் பதிந்தது. ஆனால் கேப்டன் முறைப்படி எழுதிக் கொடுத்தது 3 ஆண்டுகள் கழித்து, 1997இல். கேலிக்கு அஞ்சி விமானிகள் வாய் திறக்காமல் இருப்பது எங்கும் உள்ளதுதான். ரேடார் தடம் இருப்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. வேற்றுக்கிரகத்தார் வந்தார்கள் என்று எழுதவும் முடியாது. "விளங்கவில்லை" என்பதும் மரியாதையான முடிவுதான், விசாரித்தபின் சொன்னால்.

இம்பாலுக்கு நான் கேட்பது இதைத்தான். விமானம் விபத்துக்குள்ளானால் புலனாய்வுப் பணியகம் அறிக்கை வெளியிடுகிறது. அடையாளம் தெரியாத ஒன்றுக்காக விமான நிலையத்தை மூடினாலும், ராணுவ ரகசியம் நீங்கலாக இரண்டு பக்கம் வெளியிடலாம். பலூன் என்றால் பலூன், ட்ரோன் என்றால் ட்ரோன், விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை. 2023 மே முதல் கலவரத்தில் வெந்துகொண்டிருந்த மாநிலம் அது. அங்கே வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் ஜனங்கள் வேற்றுக்கிரகத்தை நினைக்க மாட்டார்கள். எதிர்த்தரப்பு ஏவிய ட்ரோனோ என்றுதான் பயப்படுவார்கள். அரசு காலியாக விடும் கட்டத்தை வதந்தி நிரப்பிவிடும், அதற்குத் தேதியும் கையெழுத்தும் தேவைப்படாது.

ஆகவே அடுத்த முறை "விமானியே பார்த்தார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் கோபிக்க வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் மேலே படிக்கலாம்.