முறையில்லாத கேலி

விருதுநகர் புரோட்டாவை முதல்முறை பார்க்கும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது ஏன் இப்படி எண்ணெயில மிதக்குது?" எங்களிடம் அதற்குப் பதில் கிடையாது. உட்கார வைத்து, இலையில் நாலைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, "சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்போம். சாப்பிட்டபின் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை, இன்னும் இரண்டு கேட்பார்கள். சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் பக்கம் விவாதம் அத்தோடு முடிந்தது.

நகைச்சுவை விஷயம் அப்படி முடியாது.

போன தீபாவளி விடுப்பில் நண்பர்கள் நாலு பேர் சிவகாசி சாலையில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பரிமாறியது ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பையன். இருபது வயதிருக்கும். கூட வந்த நண்பன் அவனிடம், "என்னலே, உங்க ஊர்ல யாராவது மிச்சம் இருக்கானா, இல்ல மொத்தமா ரயிலேறிட்டீங்களா?" என்றான். மேசை சிரித்தது. நானும் சிரித்தேன். பையனும் சிரித்துக்கொண்டே சால்னா வாளியை எடுக்கப் போனான்.

கணக்குப் பார்க்கும்போது நண்பன் "எனக்கு நாலு" என்றான். பையன், "ஆறு அண்ணாச்சி."

"நாலுதாம்லே."

பையன் ஒரு நிமிடம் நின்றான். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "சரி அண்ணாச்சி. கோடெல்லாம் அழிச்சிருவோம். நீங்க முதல்ல இருந்து சாப்பிடுங்க."

கல்லாவில் இருந்தவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். கல்லில் நின்ற மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்காதது என் நண்பன் மட்டும்தான். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது சொன்னான்: "பாத்தியா, வடக்கனுக்கு எவ்ளோ எகத்தாளம்னு."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக எழுதப்படுவது.

2009-ல் வந்த 'வெண்ணிலா கபடிக்குழு'வில் சூரி செய்த புரோட்டாப் பந்தயக் காட்சியைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரே காட்சியால் அவர் 'பரோட்டா சூரி' ஆனார். அந்தப் பையன் செய்தது என்னவென்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காட்சி அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் எண்ணிக்கையில் ஏமாற்றுவதாக மாட்டுவது கடைக்காரர், இங்கே அது சாப்பிட்டவன் என்று தலைகீழாகத் திருப்பிப் போடத் தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் 'அண்ணாச்சி' போட்டால் சிரிப்பு வெடிக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதைவிடக் கடினமான தமிழ்த் தேர்வு ஒன்றை எந்தப் பல்கலைக்கழகமும் வைக்க முடியாது. பொறியியல் படிப்பில் நான் எழுதியதெல்லாம் இதன் பக்கத்தில் வராது. அவன் நூற்றுக்கு நூறு வாங்கினான். நாங்கள் கொடுத்த பட்டம், எகத்தாளம்.

"நம்ம காமெடி அவங்களுக்குப் புரியாது" என்று சொல்லிக்கொள்வது பொய். அவர்களுக்குப் புரிந்துவிடும்போதுதான் நமக்குப் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

இதற்கு உடனே ஒரு பதில் வரும். "நாங்க எல்லாரையும்தான் கலாய்ப்போம். எங்க வடிவேலு, எங்க கவுண்டமணி. 'கரகாட்டக்காரன்'ல ஒரு வாழைப்பழத்துக்கு அத்தனை அடி. இதுல போய் இனம், மொழின்னு என்னத்த பாக்குறீங்க?" சரி, அந்த வாழைப்பழத்தையே எடுத்துக்கொள்வோம். அடி வாங்குவது செந்தில்தான். ஆனால் அந்தக் காட்சி யாருடையது? இன்னொரு பழம் எங்கே என்ற கேள்விக்குக் கையில் இருப்பதையே பதிலாகச் சொல்லிச் சொல்லிக் கவுண்டமணியைப் பைத்தியம் பிடிக்க வைப்பவன் செந்தில். அந்த ஜோடியில் திருப்பம் எப்போதும் அடி வாங்குபவனிடம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒருவன் இன்னொருவனை அடிக்கும் காட்சி, அவ்வளவுதான்.

நம் கிராமங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேலிக்கு ஒரு முறை உண்டு. மாமன், மச்சான், மச்சினி, கொழுந்தன், அத்தை மகன் என்று கேலி செய்ய உரிமை உள்ள உறவுகள் தனி. பெரியப்பாவைக் கேலி செய்ய முடியாது, மாமனைச் செய்யலாம். சடங்கு வீட்டில், கல்யாண வீட்டில் மச்சினிகள் மாப்பிள்ளையை வறுத்தெடுப்பார்கள். அவன் கோபித்துக்கொண்டால் அவன்தான் மானங்கெட்டவன். ராட்கிளிஃப்-பிரவுன் என்ற மானுடவியலாளர் 1940-ல் இந்தக் கேலி உறவைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். எங்கள் அத்தைகள் அதைப் படிக்காமலேயே அதில் கரைகண்டவர்கள். அவர்களுக்குத் தெரிந்த விதிகள் இரண்டுதான்: கேலி செய்பவர் வீட்டில் கேலிக்கு ஆளாகிறவர் கை நனைக்க முடிய வேண்டும். கேலி திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த முறையைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. அது பெரும்பாலும் சாதிக்குள்தான் ஓடியது. மேலத் தெருவிலிருந்து கீழத் தெருவுக்குப் போன 'கேலி' எதுவும் திரும்பி வர அனுமதிக்கப்பட்டதில்லை. அதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு, ஏச்சு. அதனால்தான் சொல்கிறேன், ஏச்சுக்கும் கேலிக்கும் வித்தியாசம் சொல்லப்படும் வார்த்தையில் இல்லை. பதில் சொல்ல வழி இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

நாங்கள் நண்பர்கள் ஒருவரையொருவர் 'மச்சான்' என்று கூப்பிடுவதே இந்த லைசென்ஸுக்காகத்தான். ரத்த உறவு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லால் கேலி செய்யும் உரிமையை இரண்டு பக்கமும் எழுதி வாங்கிக்கொள்கிறோம். அந்தப் பையன் எங்களை எப்படிக் கூப்பிட்டான்? 'அண்ணாச்சி.' எங்கள் பக்கத்து மரியாதைச் சொல். அண்ணாச்சியை யாரும் கலாய்ப்பதில்லை. தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் அவனுக்கு நாம் கற்றுக்கொடுத்த முதல் உறவுச் சொல்லே அவன் வாயை அடைக்கும் சொல். அவனை 'லே' போட்டுக் கூப்பிடலாம், அவன் நம்மை 'மச்சான்' எனக் கூடாது. அந்த இரவு அவன் செய்த ஒரே குற்றம், அண்ணாச்சியை ஒரு நிமிடம் மச்சானாக்கியது.

அவன் முதலில் சிரித்த சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வேடிக்கை பார்க்கவும் உதவவும் ஓடிய ஊர்க்காரர்கள் உட்பட. அப்போது நான் வேறு மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மறுநாள் காலை, பக்கத்து இருக்கைக்காரன் கேட்டான்: "உங்க ஊர்ல தீபாவளி சீக்கிரமே வந்துடுச்சாமே?" நான் சிரித்தேன். வீட்டுக்குப் பேசி, தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருந்தார்களா என்று முந்தைய இரவு முழுக்க விசாரித்திருந்தேன். இருந்தும் சிரித்தேன். ஊருக்குப் புதிது, மொழி புதிது, சிரிக்காவிட்டால் 'டச்சி' என்பார்கள். அது சம்மதத்தால் வந்த சிரிப்பில்லை. அப்போது என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அவன் கெட்டவன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஊரிலிருந்து கொண்டு போகும் சாத்தூர் காராச்சேவையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் முதலில் வந்து அள்ளுபவன் அவன்தான். இதனால்தான் "உணவு மக்களை இணைக்கும்" என்ற பசப்பு வசனம் எனக்குப் பிடிப்பதில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்கு வந்து, ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடித் தலையாட்டும் யூடியூபர்கள் சொல்லும் வசனம் அது. நம்மூர் பேருந்து நிலையத்தில் பானிபூரி தின்றுகொண்டே பானிபூரி விற்பவனைப் பற்றிய மீமை ஃபார்வர்ட் செய்பவனை நான் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்தால் சாப்பாடு எந்த எல்லையையும் தாண்டும். சாப்பிட்டதால் மட்டும் நாக்கு மனதோடு பேசிவிடாது.

இன்னும் ஒரு வாதம் இருக்கிறது, வலுவானது. "அவங்க நம்மள 'மதராஸி'ன்னு கேலி பண்ணாத கேலியா?" உண்மைதான். 1968-ல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் போட்ட தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் வேடத்தைப் பார்த்து ஒரு நாடே சிரித்தது. 1966-ல் தொடங்கப்பட்ட சிவசேனை, பம்பாயில் லுங்கியை வைத்துக் கோஷம் போட்டே தென்னிந்தியர்களை விரட்டப் பார்த்தது. இந்தித் திணிப்பும் கற்பனை இல்லை, இன்றும் நடப்பது. ஆனால் அதற்கு நம் முன்னோர் கேலியால் எப்படிப் பதில் சொன்னார்கள்? எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் தேசியப் பறவையாக மயிலுக்குப் பதில் காகத்தை அல்லவா வைத்திருக்க வேண்டும் என்றார் அண்ணா. அது டெல்லியைப் பார்த்துக் கேட்டது. அதிகாரத்தில் இருப்பவனால் பதில் சொல்ல முடியும், ஆனாலும் அவனை வாயடைக்க வைத்தது.

2022 மே மாதம் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, இங்கே பானிபூரி விற்பவர்கள் யார் என்று கேட்டார். கைதட்டல் விழுந்தது. இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் நான் அவர் பக்கம்தான். ஆனால் அந்தக் கேலி யார்மேல் போய் விழுந்தது? டெல்லியில் சுற்றறிக்கை எழுதுபவன் மேல் இல்லை. வெயிலில் தள்ளுவண்டி தள்ளுபவன் மேல். இந்தி அவனுக்கும் சோறு போடவில்லை என்றால், அவன் நம் வாதத்துக்குச் சாட்சி. சாட்சியையே ஜோக் ஆக்கிவிட்டோம். காகத்திலிருந்து பானிபூரிக்கு வந்ததை வளர்ச்சி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த ஆண்டு, 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பொய் என்று நிரூபணமானது. பொய்யைப் பரப்பியவர்கள் அயோக்கியர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இங்கேயே வாழ்ந்த தொழிலாளிகள் சிலர் அதை ஏன் நம்பினார்கள்? தினமும் தன்னைப் பார்த்து ஒரு ஊர் சிரிக்கிறது, எதற்கென்று தனக்குச் சொல்வதில்லை என்றால், அந்த ஊர் எதையும் செய்யும் என்றுதானே தோன்றும்?

கடைசியாக எங்கள் ஊர்க் கதை ஒன்று. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள், தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள. திரும்பி வந்து 1923-ல் ஊரில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பட்டாசு, அச்சகம் என்று இந்த வானம் பார்த்த பூமி பிழைக்க ஒரு வழி பிறந்தது. கடுகெண்ணெய் மணக்கும் ஒரு நகரத்தில், மொழி தெரியாமல் போய் நின்ற இரண்டு கரிசல்காட்டுக்காரர்கள். தொழில் தெரிந்த யாரோ ஒருவர் அவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததால்தான் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு ஏன், 'பரோட்டா' என்ற சொல்லே 'பராட்டா'வாக வடக்கிலிருந்து வந்ததுதான். நாம் எண்ணெயில் குளிப்பாட்டிப் பெயரை மாற்றி வைத்துக்கொண்டோம். ஒரு ரொட்டிக்குக் கொடுத்த குடியுரிமையை அதைப் பரிமாறுகிறவனுக்குக் கொடுக்க மாட்டோமா?

கேலியை விடச் சொல்லவில்லை. கேலி இல்லாத ஊரில் என்னால் ஒரு வாரம் இருக்க முடியாது. நான் சொல்வது, கேலி செய்வதென்றால் முறையோடு செய்யுங்கள். அவனுக்குப் புரியும்படி, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தால் சிரியுங்கள். அது முடியாதென்றால் வாயை மூடிக்கொண்டு சால்னாவை ஊற்றிச் சாப்பிடுங்கள்.

என் நண்பன் இதைப் படிப்பான். கோபம் வரும். வரட்டும். அன்றைக்கு வண்டியில் வரும்போது நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன், அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. எனவே இப்போது சொல்கிறேன். மச்சான், நீ சாப்பிட்டது ஆறுதான். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.