குடியை விட்டவருக்குப் பேச்சு ஏன் குழறுகிறது? நாய்கள் சொல்லிக்கொடுத்த கல்லீரல் பாடம்

இராஜாக்கமங்கலத்தில் ஒருவர் ரத்த வாந்தி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்து, உணவுக்குழாயில் புடைத்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் போடுகிறார்கள். ரத்தம் நிற்கிறது. கல்லீரல் சுருங்கிவிட்டதாம், இனி குடிக்கவே கூடாது. அவரும் விட்டுவிடுகிறார். ஒரு மாதம் கழித்துப் பகலெல்லாம் தூக்கம், பேச்சுக் குழறல், சட்டைப் பொத்தான்கூடப் போட வரவில்லை. “திரும்பவும் குடிச்சாச்சு போல” என்று வீடே முடிவுகட்டிவிடுகிறது.

அவர் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்க மாட்டார்.

குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாகக் கல்லீரலுக்குப் போய், சுத்தமாகித்தான் இதயத்துக்குத் திரும்பும். கல்லீரல் தழும்பேறி இறுகினால் அந்த நாளத்தில் அழுத்தம் ஏறும். இதுதான் போர்ட்டல் ஹைபர்டென்ஷன். கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் பி.பி. வேறு. கல்லீரலுக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 5 மி.மீ. வரை இயல்பு, 12-ஐத் தாண்டினால் புடைத்த நாளங்கள் வெடிக்கும் அபாயம்.

ரத்தத்தை வேறு வழியில் திருப்பிவிட்டால் என்ன? 1877-ல் ரஷ்ய ராணுவ மருத்துவர் நிகோலாய் எக், நாய்களின் போர்ட்டல் நாளத்தைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்துத் தைத்தார். 8 நாய்களில் 7 ஒரு வாரத்துக்குள் செத்தன. எட்டாவது இரண்டரை மாதம் இருந்துவிட்டு ஓடியே போனது! 1893-ல் பாவ்லோவ் குழு (மணிச்சத்தத்துக்கு எச்சில் ஊறிய நாய்களின் அதே பாவ்லோவ்) பிழைத்த நாய்களைக் கவனித்தது. இறைச்சி தின்றவை தள்ளாடின, கண் தெரியாமல் தவித்தன, வலிப்பு வந்து மயங்கின. கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா போன்ற கழிவுகள் நேராக மூளைக்குப் போயிருந்தன.

மனிதர்களிடமும் அதே கதைதான். 1945 முதல் அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் பரவியது. ரத்தக்கசிவு குறைந்தது, மூளைக் குழப்பம் கூடியது. இன்று கழுத்து நாளம் வழியாக ஸ்டென்ட் வைக்கும் ‘டிப்ஸ்’ சிகிச்சையும் 1969-ல் நாய்களில் பார்க்கப்பட்டதுதான். அதிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆபரேஷனே செய்யாவிட்டாலும், இறுகிய கல்லீரலைச் சுற்றி ரத்தம் தானே குறுக்குவழி தேடிக்கொள்ளும். பொத்தான் போட வராத அந்த மனிதருக்கு நடந்தது இதுதான்.

தவிர்க்க முடிந்த இடத்தில் விலங்குப் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது நம் 1960-ம் ஆண்டுச் சட்டம். சரிதான். ஆனால், ஏற்கெனவே செத்த நாய்கள் சொன்னதையாவது டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டாரிடம் சொல்லி அனுப்ப வேண்டாமா? மலச்சிக்கல் ஆகாது, தினம் இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகத்தான் லாக்டுலோஸ் சிரப், தூக்க மாத்திரை கூடாது, பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரி. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

இன்னொரு பக்கம், பாவ்லோவின் இறைச்சிப் பாடத்தை அளவுக்கு மீறிப் படித்துவிட்டோம். புரதத்தை நிறுத்தினால் தசை கரைந்து நிலைமை மோசமாகும் என்பதே இன்றைய மருத்துவம். பருப்பு, முட்டை, சாளை மீன் எல்லாம் சாப்பிடலாம். வயிற்றில் நீர் கோர்த்திருந்தால் குறைக்க வேண்டியது உப்பை. கருவாடு மட்டும் ஆகாது.