ரயிலேறும் முன் ரேமைக் கழற்றுங்கள்

சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் என்றால் எங்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு. மைசூரில் கடைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ரேம், ஹார்ட் டிஸ்க் என்றால் "அங்கே சீப்" என்று ரயிலேறுகிறவர்கள் உண்டு. அங்கே கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "டிடிஆர் எத்தனை சார்?" அதற்கு "எட்டு ஜிபி" என்று பதில் சொன்னால், ஏமாறத் தயார் என்று அர்த்தம்.

எட்டு ஜிபி வெறும் கொள்ளளவு. முதலில் பார்க்க வேண்டியது தலைமுறை. டிடிஆர்3-க்கு 240 பின். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. அழுத்திப் பார்த்தால் போர்டுக்குத்தான் சேதம்.

குவெம்புநகரில் எதிர்வீட்டு மாமி, "எட்டு ஜிபி வாங்கிண்டு வரச் சொல்லட்டுமா?" என்றார். பிள்ளை சாஃப்ட்வேரில் இருக்கிறான், கணினி மூடியைத் திறக்க மட்டும் பயம். நான் திறந்து ரேமைக் கழற்றினேன். ஸ்டிக்கரில் '4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு' என்றிருந்தது. பிசிக்கு அடுத்த 3தான் தலைமுறை. 12800-ஐ எட்டால் வகுத்தால் 1600, அது வேகம். கடைசியில் உள்ள 'யு' சாதாரண டெஸ்க்டாப் ரேமுக்கு. 'எஸ்' என்றால் லேப்டாப், 'ஆர்' என்றால் சர்வர். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் பதினாறு ஜிபி பல சமயம் இந்த 'ஆர்' சரக்குதான். வீட்டுப் போர்டில் போட்டால் திரைகூட வராது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று விற்கும் டிடிஆர்3 ரேமும் இன்டெல் போர்டுக்கு ஆகாது.

வேகம் பொருந்தாவிட்டால் பெரிய பாதகமில்லை, பொதுவாக எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும். போர்டு எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாமியுடையது எச்61: இரண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து, ரேம் போட்டால் விண்டோஸ் 11 வந்துவிடும் என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அதற்கு 4 ஜிபியே போதும். இடிப்பது பிராசஸரும் டிபிஎம் 2.0-வும், இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தையதை மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை.

விலையும் இப்போது சாதகமாக இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. 'குரூஷியல்' பெயரில் சில்லறை ரேம் விற்ற மைக்ரான், அந்த வியாபாரத்தை விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தேவிட்டது.

மாமிக்கு நான் சொன்னது: அதே 'பிசி3-12800யு'வில் பழைய 4 ஜிபி ஒன்று, கூடவே ஒரு எஸ்எஸ்டி. ஸ்டிக்கரையும் போர்டின் மாடல் எண்ணையும் போனில் படமெடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். டிடிஆர்3 கணினிக்கு இதற்கு மேல் செலவழிப்பது தண்டம்.