பன்னிக்கு வேகத் துப்பாக்கி வேண்டாம், சட்டத்துல இருக்கிறதைக் கொடுங்க போதும்

மார்கழியில மக்காச்சோளம் பால் பிடிக்கும். அது நமக்குத் தெரியுறதுக்கு முன்னாடி பன்னிக்குத் தெரிஞ்சிடும். போன வாரம் ஒரே ராத்திரியில என் கொல்லையில தென்கிழக்கு மூலை பூரா மட்டமாயிடுச்சு. தின்னது கொஞ்சம், மிதிச்சு ஒடிச்சதுதான் அதிகம். காலையில வரப்புல உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் வந்து செல்போனை நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. நொடிக்கு ஆயிரத்து எரநூறு மீட்டர் போவுதாம். இது ஒண்ணு இருந்தா ஒரு பன்னி இந்தப் பக்கம் தலை காட்டுமா?"

வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் சன்னக் குழல் ரைபிளைத் துடைச்சுக்கிட்டே, குழலை எப்படி ரொம்ப நாள் வெச்சுக்கிறதுன்னு பேசிக்கிட்டிருந்தான். பையன் வாயைப் பொளந்து பார்த்தான். நானும் முழுசா பார்த்தேன். அப்புறம் அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்கயும் எழுதுறேன். ஏன்னா இப்ப ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சுதான்.

முதல்ல அந்த வேகத்தோட கதை. 1935-ல வின்செஸ்டர் கம்பெனி .220 ஸ்விஃப்ட்டுன்னு ஒரு தோட்டாவை விட்டுச்சு. குண்டு வெறும் 48 கிரெய்ன், அதாவது மூணு கிராம். வேகம் நொடிக்கு 1,200 மீட்டருக்கு மேல. அன்னைக்கு உலகமே அசந்துபோச்சு. அடுத்த பேச்சு என்னன்னா, "இது குழலைத் தின்னுது". காரணம் ரொம்ப எளிசு. நிறைய மருந்தைச் சின்ன ஓட்டை வழியா தள்ளுறோம். எஃகு உருகுற சூட்டைவிட அதிகச் சூட்டுல புகை குழலோட தொண்டையில பாயுது. கண் இமைக்கிற நேரம்கூட இல்ல, ஆனா ஒவ்வொரு வெடிக்கும் நடக்குது. தொண்டை கோடைக்காலத்து ஏரி மாதிரி வெடிப்பு விடும், அப்புறம் பொறிஞ்சு போகும். அதோட குறி தவறும். சாதாரண .22 ரிம்ஃபயர் குழல் பல ஆயிரம் தோட்டாவைத் தாங்கும். இந்த வேக ஜாதியில சில ஆயிரத்துக்குள்ளயே குழல் தேய்ஞ்சிடும்.

இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் என்ன? மருந்தை உச்சத்துக்குக் கெட்டிக்காதே, கொஞ்சம் குறைச்சுக்கோ. அடுத்தடுத்துச் சுடாதே, குழல் ஆறட்டும். குழல்ல ஒட்டுற செம்பையும் கரியையும் பின்பக்கமா கம்பி விட்டு, தொண்டை சிராய்க்காம துடை. அவ்வளவுதான். மூணையும் ஒண்ணாச் சேர்த்தா என்ன? வேகத்துக்காக வாங்கின துப்பாக்கி நீடிக்கணும்னா வேகத்தைக் குறைக்கணும். இதைத்தான் நான் பையன்கிட்ட சொன்னேன்: "டிராக்டரை எப்பவும் முழு ஆக்ஸிலேட்டர்ல ஓட்டறவன் வருசா வருசம் இன்ஜினைப் பிரிப்பான்."

இன்னொண்ணு. அந்தத் தோட்டா எதுக்குப் பிறந்துச்சு? அவங்க ஊர்ல வளை தோண்டிக் கிடக்கிற, முயலைவிடக் கொஞ்சம் பெருசான பிராணியை எட்டத்துல இருந்து அடிக்க. பட்ட இடத்துல சிதறுறதுக்குன்னே செஞ்ச குண்டு. நம்ம ஆம்பளப் பன்னியோட தோள்பட்டைத் தோல் கட்டை மாதிரி. மேலோட சிதறிச்சுன்னா பன்னி சாகாது, காயத்தோட முந்திரிக்குள்ள ஓடும். காலையில முந்திரிக்கொட்டை பொறுக்கப் போற பொம்பளைங்க மேல அது பாயும். பன்னெண்டு போர் துப்பாக்கியோட ஒத்தைக் குண்டு ஏறக்குறைய 28 கிராம். மூணு கிராம் எங்க, இருபத்தெட்டு கிராம் எங்க?

எல்லாத்தையும்விட முக்கியம், நம்ம நிலம். வரதராஜன்பேட்டையைச் சுத்தி மலையா இருக்கு? மேடு பள்ளம்கூட அதிகம் கிடையாது. முந்திரித் தோப்பு, அதுக்குள்ள ஒத்தையடிப் பாதை, அங்கங்க கொல்லை வீடு, ராத்திரி தண்ணி கட்டப் போறவன், வெளிச்சம் வராத நேரத்துல பூசைக்குப் போறவங்க. சாதாரண .22 தோட்டாவே ஒண்ணரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு பெட்டியிலயே போட்டிருப்பான். பன்னி மேல படாத குண்டு எங்க போகும்? யாரு வீட்டுத் திண்ணைக்கு? இதுக்குப் பதில் சொல்லாம துப்பாக்கி கேக்கிறவன் விவசாயி இல்ல, வேடிக்கைக்காரன்.

"அப்ப நீங்க துப்பாக்கியே வேண்டாங்கிறீங்களா?"ன்னு பையன் கேட்டான். இல்லவே இல்ல. அங்கதான் நான் மத்தவங்ககூடச் சண்டைக்கு வர்றேன்.

1959-ம் வருசத்து ஆயுதச் சட்டம் 13-வது பிரிவை எடுத்துப் படிங்க. பயிரைக் காப்பாத்த உண்மையாவே வேணும்னு கேக்கிற குடிமகனுக்கு, வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கணும்னு இருக்கு. அது பத்தாதுன்னு அதிகாரிக்குத் தோணினா, இருபது அங்குலத்துக்குக் குறையாத மழுங்கல் குழல் துப்பாக்கிக்கே கொடுக்கலாம்னும் இருக்கு. அறுபது வருசத்துக்கு மேல புத்தகத்துல இருக்கிற சட்டம். நான் ஒரு அலுவலகத்துல இதைச் சொன்னப்ப, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனக்கு யாரோட பகை?"ன்னு கேட்டார். பன்னியோடதான் சார்னு சொன்னேன். சிரிச்சார். மனு அங்கேயே நின்னுபோச்சு.

லைசென்ஸ் இருக்கிறவன் பாடும் லேசு இல்ல. தேர்தல் வந்தா துப்பாக்கியைக் காவல் நிலையத்துல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. 2024-ல மார்ச் 16-ல இருந்து ஜூன் 6 வரை நடத்தை விதி. பன்னிக்கு நடத்தை விதி உண்டா?

வனச் சட்டத்துக்கு வருவோம். 1972 சட்டத்துல 11-வது பிரிவு, நிக்கிற பயிருக்கு ஆபத்தா இருக்கிற விலங்கை, தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்து மூலமா அனுமதி கொடுத்தா சுடலாம்னு சொல்லுது. கேரளாக்காரன் 2022-ல அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் கையில கொடுத்தான். லைசென்ஸ் உள்ளவங்க பட்டியல் போட்டு, அவங்களைக் கூப்பிட்டுச் சுட வெச்சான். நம்ம அரசாங்கம் 2025 ஜனவரியில ஆணை போட்டுச்சு: காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது, ஒண்ணுல இருந்து மூணு வரை பிடிச்சுக் காட்டுல விடணும், மூணைத் தாண்டினா வனத்துறையே சுடலாம். வரவேற்கிறேன். ஆனா சுடுறது வனத்துறை மட்டும்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு என் கொல்லைக்கு யாரு வர்றது? எத்தனை கொல்லைக்கு வர்றது? காலையில வந்து கால் தடத்தைப் போட்டோ எடுக்கிறதுக்கா ஆணை?

இன்னொரு கூத்து. இங்க பன்னி காப்புக்காட்டுல மட்டுமா குடியிருக்கு? ஏரிக்குள்ள சீமைக்கருவேலம், ஓடைக்கரைப் புதர், கவனிக்காம விட்ட தோப்பு, அங்கதான் குட்டி போடுது. கிலோமீட்டரை எங்கிருந்து அளந்தாலும் பன்னி அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும்.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு. கோவம் வரும், வரட்டும். வழி இல்லைன்னு சொல்லி வேலியில கரண்ட்டை விடுறீங்களே, அது பன்னியைப் பார்த்துப் பிடிக்குமா? தமிழ்நாட்டுல மாடு தேடிப் போனவன், தண்ணி பாய்ச்சப் போனவன், ஏன், வேலி போட்டவனே செத்திருக்கான். மின்திருட்டு வழக்கோட கொலை வழக்கும் சேர்ந்து வரும். அவுட்டுக்காய் வைக்கிறீங்க, அது பசுவோட வாயைக் கிழிக்குது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியில கண்ட மருந்தையும் பால்ரஸ் குண்டையும் அளவில்லாம கெட்டிக்கிறீங்க. சுட்டுட்டுக் கழுவாம பரண்ல சொருகுறீங்க. கருமருந்துச் சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், ஒரு மழைக்காலத்துல குழல் உள்ளுக்குள்ள அரிச்சுப் போகும். அடுத்த வருசம் அது பன்னிப் பக்கம் வெடிக்காது, உங்க முகத்துப் பக்கம் வெடிக்கும். வெந்நீர் விட்டுக் கழுவி, காய வெச்சு, எண்ணெய் பூசணும்னு எங்க தாத்தா காலத்துல லைசென்ஸ் வெச்சிருந்தவங்களுக்குத் தெரியும். அளவா மருந்து, ஆற விடு, துடைச்சு வை. அமெரிக்காக்காரன் வேக ரைபிளுக்குச் சொன்னதும் எங்க தாத்தா காலத்து ஆளு சொன்னதும் ஒரே பாடம்தான். பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்னா துப்பாக்கி சட்டப்படி வெளிச்சத்துல இருக்கணும். ஒளிச்சு வெச்ச துப்பாக்கியை யாரும் ஒழுங்காத் துடைக்க மாட்டாங்க.

நான் கேக்கிறது பெருசு இல்ல. ஒவ்வொரு ஒன்றியத்துலயும் நாலஞ்சு விவசாயிகளுக்கு, பயிற்சி கொடுத்து, 13-வது பிரிவுப்படி மழுங்கல் குழல் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்க. கேரளா மாதிரி பட்டியல் போடுங்க. பரண் மேல உட்கார்ந்து கீழ நோக்கித்தான் சுடணும், தப்பின குண்டு மண்ணுல புதையணும்னு விதி போடுங்க. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேளுங்க, கொடுக்கிறோம். கறியை எடுக்கக்கூடாதுன்னா எடுக்க மாட்டோம், எண்ணெய் ஊத்திப் புதைக்கிறோம். கூடவே ஏரியில இருக்கிற சீமைக்கருவேலத்தை வெட்டுங்க.

இதைச் செய்யாத வரைக்கும் ராத்திரியில எங்க ஊரு வேலியில கரண்ட் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். யாரு கால் வைக்கப் போறாங்களோ தெரியாது.

அக்கா மகன் கடைசியா கேட்டான்: "அதுவரைக்கும் என்ன மாமா பண்றது?" டார்ச்லைட்டையும் தகர டப்பாவையும் அவன் கையில கொடுத்தேன். இன்னைக்கு ராத்திரி காவல் அவன்தான். நாளைக்கு நான்.