சீனத்துக் குதிரையும் நம்மூர் மாவும்

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தின் இடைவேளையில், தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றிருந்தபோது, நண்பர் ஒருவர் ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னார். சீன மொழியில் குதிரைக்கு 'மா' என்று பெயர். தமிழிலும் மா என்றால் குதிரை. "இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பின்லாந்துக்காரர்களின் மொழியில் 'மா' என்றால் நிலம், நமக்கும் மா என்பது நில அளவைதானே என்று இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். அடுத்த பத்து நிமிடங்களில் உலகத்தின் பாதி தமிழாகிவிட்டது. நான் வழக்கம்போல் அங்கே ஒன்றும் பேசவில்லை. பேருந்தில் திரும்பும்போதுதான் சொல்லியிருக்க வேண்டியவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சீனத்து மா. நண்பர் சொன்னது பொய்யல்ல. ஆனால் பெய்ஜிங் வழக்கில் குரலை உயர்த்தி ஒரே மட்டத்தில் நிறுத்தி 'மா' என்றால் தாய்; கீழிருந்து மேலேற்றினால் சணல்; இறக்கி ஏற்றினால் குதிரை; வெட்டினாற்போல் இறக்கினால் திட்டுதல். அழுத்தமே இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டினால் அது வினாக்குறிப்பு. வியட்நாமியர் இன்னும் தாராளமானவர்கள். அவர்களுடைய ஆறு தொனிகளில் பேய், 'ஆனால்' என்னும் இடைச்சொல், தாய், கல்லறை, குதிரை, நாற்று என்று ஒரே அசை ஆறு வேடம் போடுகிறது. (அவர்கள் குதிரை என்று சொல்லும் 'மா' சீனத்திலிருந்து போன கடன்.) தாய்லாந்து மொழியில் ஒரு தொனிக்குக் குதிரையும், இன்னொன்றுக்கு நாயும், மற்றொன்றுக்கு 'வா' என்னும் வினையும் வரும். தொனி தவறிய வெளிநாட்டுக்காரர் குதிரையைக் கேட்டு நாயைப் பெறுவார்.

தொனி இல்லாத மொழிகளுக்கு வந்தாலும் கதை இதேதான். இத்தாலியில் மா என்றால் 'ஆனால்'. பிரெஞ்சில் பெண்பாற் சொல்லுக்கு முன்னே வரும் 'என்னுடைய'. ஹங்கேரியில் 'இன்று'. எஸ்தோனியாவில் 'நான்'. அரபியில் 'என்ன' என்று கேட்கவும் 'இல்லை' என்று மறுக்கவும் அதே மா. சமஸ்கிருதத்தில் 'வேண்டாம், செய்யாதே' என்று விலக்கும் சொல்.

இத்தனை மொழிகளில் ஓர் அசை கிடைப்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இதழை மூடி மூக்கால் ஒலித்து, பின் வாயைத் திறந்தால் மா பிறந்துவிடும். மூக்கொலியே இல்லாத மொழிகள் மிகச் சில. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் மக்கா, கிலயூட் போன்ற பழங்குடி மொழிகள் அவ்வகையைச் சேர்ந்தவை. மற்றபடி ஏறக்குறைய எல்லா மொழியிலும் மகரம் உண்டு, அகர ஒலியும் உண்டு. ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த அசைகள் ஒரு மொழிக்குச் சில நூறுகூடத் தேறுவதில்லை. பொருள்களோ எண்ணிலடங்கா. எனவே ஒவ்வொரு மொழியும் மா என்ற இருக்கையில் யாரையாவது உட்காரவைத்தே தீரும். உலகில் சில ஆயிரம் மொழிகள் இருக்கும்போது, இரண்டு மொழிகளில் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பது வியப்பல்ல. அப்படி எங்குமே நேராமல் இருந்தால்தான் வியக்க வேண்டும்.

தாயைக் குறிக்கும் மா மட்டும் தனிக்கணக்கு. ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். வாய் நிறையத் தாய்ப்பால் இருக்கும்போது குழந்தையால் மூக்கால் மட்டுமே முனக முடியும். பசி வந்ததும் அதே முனகலை ஆரம்பிக்கிறது. அதைக் கேட்டு ஓடி வருபவள் அது தன் பெயர் என்று எடுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். ஆனால் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தேதா' என்றால் தாய். பழைய ஜப்பானிய மொழியில் 'பாபா' என்பது தாயைக் குறித்தது. பகரம் தேய்ந்து இன்று அது 'ஹாஹா'. குழந்தை ஒலியைத் தருகிறது, அதை யாருக்குச் சூட்டுவது என்பதைப் பெரியவர்களே முடிவுசெய்கிறார்கள்.

இனி, அந்தக் குதிரை. பழஞ்சீனத்தில் அச்சொல் 'மா' என்றே ஒலிக்கவில்லை. வில்லியம் பாக்ஸ்டரும் லோரான் சகாரும் 2014இல் வெளியிட்ட மீட்டுருவாக்கத்தில் அதில் மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருக்கிறது. அதன் இனச்சொல்லைப் பர்மியர்கள் இன்றும் 'ம்ரங்' என்ற வடிவில்தான் எழுதுகிறார்கள், வேறாக உச்சரித்தாலும். மங்கோலியரின் 'மொரி', கொரியரின் 'மல்' ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். குதிரை புல்வெளி நாடுகளிலிருந்து வந்த விலங்கு. அதோடு சொல்லும் ஓடி வந்திருக்கக் கூடும். அது பொருளுள்ள விவாதம். நம்முடைய மாவோ ஆதியில் குதிரைக்கு உரியதே அன்று. அது விலங்குக்குப் பொதுப்பெயர். அடை சேர்த்தால்தான் எந்த விலங்கென்று தெரியும்: அரிமா சிங்கம், கைம்மா யானை, பரிமா குதிரை. குதிரையோ நமக்குக் கப்பலில் வந்து இறங்கியது என்பதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. ரகரத்தைத் தொலைத்துத் தேய்ந்த சீனச் சொல்லும், விலங்குப் பொதுப்பெயரிலிருந்து சுருங்கிவந்த தமிழ்ச் சொல்லும் ஒரு திருப்பத்தில் மோதிக்கொண்டன. அதைத்தான் நண்பர் உறவு என்கிறார்.

குட்டைச் சொற்களின் இயல்பே இது. அவை பெரும்பாலும் தேய்ந்த கற்கள். இத்தாலியின் மா, 'மகிஸ்' என்ற லத்தீன் சொல்லின் மிச்சம். பிரெஞ்சின் மா 'மேயா' என்பதன் மிச்சம். அடுத்தடுத்த நாடுகள், ஒரே தாய்மொழி, ஒரே ஒலி. ஆனாலும் இரண்டும் வேறு வேறு சொற்கள். மாறாக, உண்மையான உறவு பல சமயம் கேட்ட மாத்திரத்தில் தெரியாது. பால் என்பதும் ஹாலு என்பதும், பல் என்பதும் ஹல்லு என்பதும், பத்து என்பதும் ஹத்து என்பதும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஆனால் தமிழில் பகரம் வந்த இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வருவது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. சமஸ்கிருதத்து விலக்குச் சொல்லான மாவையும் கிரேக்கத்து 'மே'யையும் உறவினர் என்று ஒப்புக்கொள்வதும் இத்தகைய ஒழுங்கின் பேரில்தான். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் பக்கங்களில் இருப்பது இந்தப் பொறுமை. பின்லாந்து நண்பருக்கும் ஒரு வார்த்தை: கால்டுவெல்லே 1856இல் திராவிட மொழிகளை, பின்னிஷ் உள்ளிட்ட 'சித்திய' மொழிகளோடு சேர்க்கப் பார்த்தார். அவர் நாடியது இலக்கணக் கூறுகளை. அப்படியும் அந்தக் கருத்து நிலைக்கவில்லை.

நிற்க. இந்தத் தேடலில் எனக்கு வருத்தம் தருவது, உண்மையான பயணம் ஒன்று கண்ணெதிரே இருந்தும் யாரும் அதைப் பேசாததுதான். மா என்றால் மாமரம். அதன் காய் மாங்காய், மலையாளத்தில் 'மாங்ங'. பதினாறாம் நூற்றாண்டில் மலபார்க் கரைக்கு வந்த போர்த்துகீசியர் அதை 'மங்கா' என்று எடுத்துப் போனார்கள். அதிலிருந்து ஆங்கிலத்தின் மேங்கோ. மலாயிலும் மங்கா என்றே பெயர். சீனத்தில் மாம்பழத்துக்கு 'மாங்குவோ' என்று பெயர். 'குவோ' என்றால் அவர்கள் மொழியில் பழம். முன்னால் நிற்கும் 'மாங்' கடல்வழியே போன நம் சரக்கு. ஆக, சீனத்தில் தமிழ்நிலத்து மாவைத் தேடுகிறவர் லாயத்துக்குப் போகக் கூடாது, பழக்கடைக்குப் போக வேண்டும். அங்கே அது இருக்கிறது, ஒற்றும் காயும் சிதைந்து, ஆனால் வந்த வழி தெரியும்படியாக.

உறவு எதுவும் இல்லாமலே என்னை ஈர்க்கும் மா ஒன்று உண்டு. அது ஜப்பானியருடையது. இரண்டு பொருள்களுக்கு நடுவில் உள்ள வெளி, இரண்டு ஒலிகளுக்கு நடுவில் உள்ள மௌனம், ஓர் அறை, சற்று நேரம், தக்க தருணம் எல்லாம் அவர்களுக்கு மா. வாயிற்கதவின் இடுக்கில் வெளிச்சம் தெரிவதுபோன்ற எழுத்தால் அதை எழுதுகிறார்கள். வீட்டில் எல்லோரும் கூடும் அறை 'இமா', இருக்கும் வெளி. நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் மாவோடு பொருந்தினோம் என்பது பேச்சு. நோ நாடகத்தில் நடிகர் அசையாமல் நிற்கும் கணத்தையும், மேளத்தின் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையில் அவையே மூச்சடக்கிக் காத்திருப்பதையும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு அவர்களால் பேச முடியாது. அசட்டு மனிதனுக்கு 'மானுகே' என்று பெயர்; மா கழன்று போனவன் என்று பொருள். நம்மில் சில மேடைப் பேச்சாளர்களைக் கேட்கும்போது எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வருவதுண்டு. இந்த மா தமிழிலிருந்து போனது என்று யாரும் நிறுவிவிடாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறேன். அது அவர்களுடையதாக இருப்பதால்தான் எனக்கு வேண்டியிருக்கிறது.

நம் மாவுக்கு வருவோம். நன்னூலார் தமிழில் ஓரெழுத்தொருமொழிகள் நாற்பத்திரண்டு என்கிறார். மா அவற்றில் ஒன்று. விலங்கு, மாமரம், பெரிய, கரிய, அரைத்த மாவு, இருபதில் ஒரு பங்கு என்று அதன் பொருள்கள் விரிகின்றன. இவை எல்லாம் ஒரே சொல்லின் பல பொருள்கள் அல்ல. ஒரே ஒலியில் வந்து சேர்ந்த பல சொற்கள். சீனர் தொனியால் பிரித்துக்கொள்வதை நாம் புணர்ச்சியால் பிரித்துக்கொண்டோம். மாவு கொண்டு போட்டால் மாக்கோலம், வல்லினம் மிகும். மரத்தின் காய் என்றால் மாங்காய், மெல்லினம் தோன்றும். பெரிய என்றால் மாபெரும், இரண்டும் இல்லை. ஓர் ஒற்றெழுத்து செய்கிற வேலை இது. ஒற்றுப்பிழையைச் சுட்டுகிறவர்களைப் பழமைவாதிகள் என்று கேலி செய்கிற இளம் நண்பர்கள் இதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் இந்தச் சொற்களில் எத்தனை இன்று தனித்து நிற்கின்றன? விலங்கு மா, அரிமா சங்கத்தின் பெயர்ப்பலகையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. கருமை, 'மாமை' என்ற சொல்லோடு உரையாசிரியர்களிடம் தங்கிவிட்டது. மரம் மாமரமாகி, மாங்காயும் மாவடுவுமாகப் பிழைத்துக்கொண்டது. அரைத்தது தமிழகத்தில் உகரம் ஏற்று மாவு ஆனது. ஈழத்தில்தான் இன்றும் கோதுமை மா, அரிசி மா என்று அந்த ஓரெழுத்து தன் காலில் நிற்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் "மா முடிஞ்சு போச்சு" என்று ஒருமுறை கேட்டபோது, நன்னூலே சமையலறையிலிருந்து பேசியதுபோல் இருந்தது.

இருபதில் ஒன்றான மாதான் அதிகம் அடிபட்டது. மாவும் காணியும் முந்திரியும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்சுவடியில் மனப்பாடம். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பெயரிலேயே கணக்கை வைத்திருந்தார்கள். 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தோடு மெட்ரிக் முறை வந்தது. வந்ததில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. 2019இல் யூனிக்கோடு இந்தப் பின்னக் குறிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டது. அதாவது கணினி அவற்றைக் கற்றுக்கொண்டது. நான் இன்னும் அவற்றை எழுதிப் பழகவில்லை.

காவிரிப் படுகையில் மட்டும் நில அளவையாக மா உயிரோடிருக்கிறது. இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. என் தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் உண்டு. அதில் மூன்று மா என்று எழுதியிருக்கும். என் சிறு வயதில் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அந்த மூன்று மாமரங்களும் எங்கே என்று தாத்தாவைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாசலுக்கு அழைத்துப்போய்த் தெற்கே கையை நீட்டி, "அதோ, அந்த வாய்க்கால் வரைக்கும்" என்றார். ஓர் ஏக்கர். அப்போதுதான் நாற்று நட்டிருந்தார்கள்.